வீழ்ச்சி எது, வேளை எது?
கோர்ன்வால் மற்போரின் விதிகள்



இருவர் புற்றரையிலே மற்போர் செய்கின்றனர். ஒருவர் மற்றவரைத் தூக்கி எறிகின்றார். எறியப்பட்டவர் நிலத்தில் வீழ்கின்றார். சூழ நின்றோர் ஆரவாரிக்கின்றனர். இவ்வளவும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகின்றது. ஆயினும், வீழ்ந்தவர் தோற்றாரா என்று கேட்டால் விடை கூறுதல் அத்துணை எளிதன்று. அவர் பக்கம் சாய்ந்து வீழ்ந்தாரா, முதுகு படிய வீழ்ந்தாரா? முதுகு படுமுன்னர் முழங்கையை ஊன்றிக்கொண்டாரா? ஒரு தோள் நிலத்திற் பட்டது. மற்றத் தோளும் அதே கணத்திற் பட்டதா? கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிட்ட ஒன்றைப் பற்றி இத்தனை வினாக்கள் எழுகின்றன. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ள கோர்ன்வால் மக்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இவ்வினாக்களுக்கு விடை தேடி வந்திருக்கின்றனர். வீழ்ச்சி எது என்பதை வரையறுப்பதிலேயே அவர்கள் தம் மதிநுட்பத்தைப் பெரிதும் செலவிட்டனர். எவ்வளவு நேரம் போர் செய்வது என்னும் வினா பிற்காலத்திலேதான் முதன்மை பெற்றது.

கோர்ன்வால் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஒடுங்கிய நிலம். நான்காவது பக்கமாகிய கிழக்கிலே டேமர் என்னும் ஆறு அதனை டெவன் மாவட்டத்தினின்றும் பிரிக்கின்றது. அங்குள்ளோர் பழைய நாளிற் பேசிய மொழி ஆங்கிலமன்று. வேல்ஸ் மொழிக்கும், பிரான்ஸ் நாட்டின் பிறிற்றனி மக்கள் பேசும் பிறெற்றன் மொழிக்கும் உறவான கெல்ற்றிய மொழியொன்றாகும். அம்மொழி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியளவில் நாள்வழக்கிலிருந்து நீங்கிற்று. இருபதாம் நூற்றாண்டில் அறிஞர் சிலர் அதனை மீண்டும் உயிர்ப்பித்தனர். மொழி நீங்கிய காலத்தும் நீங்காது நின்ற பழஞ்செல்வங்களுள் மற்போரும் ஒன்று. வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளரும் உழவரும் மீனவரும் அதனைத் தமக்கேயுரிய கலையாகப் போற்றினர்.

அதன் தோற்றத்தைப் பற்றிய கதை நெடுங்காலத்துக்கு முந்தியது. 1136ஆம் ஆண்டளவில் மொன்மத் ஊரினராகிய ஜெவ்றி என்பவர் இலத்தீன் மொழியில் எழுதிய பிரித்தானிய அரசர் வரலாற்றில் கொறினியஸ் என்னும் வீரன் ஒருவன் வருகின்றான். அவன் கோக்மகொக் என்னும் அரக்கனோடு மற்போர் செய்கின்றான். அரக்கன் அவனை இறுகத் தழுவி விலா எலும்புகள் மூன்றை முறித்துவிடுகின்றான். சினங்கொண்ட கொறினியஸ் அவனைத் தோளின்மேல் தூக்கிச் சென்று கடலுள் எறிகின்றான். கோர்ன்வால் நிலம் அவனுக்கு உரியதாகி அவன் பெயரையே பெற்றது என்பது கதை. பிளிமத் நகரின் கடற்கரை மேட்டிலே இவ்விருவர் உருவங்களும் புல்லைச் செதுக்கி வரையப்பட்டிருந்தன. 1660களில் அங்கே அரசரின் கோட்டை எழுந்தபோது அவை அழிந்தன. இதனை வரலாறென்று எவரும் இன்று கொள்ளார். ஆனால் ஒன்று: கடலுள் எறியப்பட்டவனுடைய வீழ்ச்சியைப் பற்றி வழக்காடுதற்கு இடமேயில்லை. கதைகளில் வரும் மல்லர்க்கு மத்தியஸ்தர் வேண்டியதில்லை. மண்ணிற் பிறந்த மல்லர்க்கே வேண்டும்.

அஜின்கோட் போர்க்களத்துக்குச் சென்ற கோர்ன்வால் படையினர் இரு மல்லர் உருவம் பொறித்த கொடியை ஏந்திச் சென்றனர் என்றும் பலரும் கூறுவர். அப்போர் நடந்தது 1415ஆம் ஆண்டில். கொடியைப் பற்றிக் கூறும் மைக்கல் டிறெயிற்றனின் செய்யுளோ 1627ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரண்டு நூற்றாண்டு கழித்துப் பாடிய புலவர் ஒருவரின் சொல்லை நேரிற் கண்டவர் சான்றாகக் கொள்ளுதல் தகாது. ஆயினும் 1627ஆம் ஆண்டிலே கோர்ன்வால் என்றதும் ஆங்கிலப் புலவர் ஒருவர்க்கு மல்லர் நினைவே வந்தது என்பதற்கு அது நல்ல சான்று.

உறுதியான நிலத்தில் நாம் கால் வைப்பது 1602ஆம் ஆண்டிலாகும். டேமர் ஆற்றின் அருகே அன்ரனி என்னும் இடத்தில் வாழ்ந்த ரிச்சர்ட் கரூ என்னும் பெருநிலக்கிழார் அவ்வாண்டிலே கோர்ன்வால் மாவட்டத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சுரங்கம், மீன்பிடி, மரபுகள் என்பவற்றோடு மற்போரின் விதிகளையும் அவர் எழுதி வைத்தார். காண்போர் வட்டமாய் நிற்பர். நடுவே இருவர் வருவர். முதலிற் கைகுலுக்கி நட்பை உணர்த்துவர். அதன் பின்னரே பொருவர். அரைக்கச்சைக்கு மேலே மட்டுமே பிடித்தல் வேண்டும். கச்சையின் கீழே கை செல்லலாகாது. முதுகு நிலத்திற் பட்டால் அது வீழ்ச்சி. ஒரு தோளும் அதற்கு எதிர்ப்பக்கத்துக் குதிகாலும் பட்டாலும் வீழ்ச்சியே. தப்பிப் பிழைத்து அரைகுறையாய் வீழ்ந்தவனுக்கு அது முழு வீழ்ச்சியாகாது. அதற்கு வேறு பெயர் உண்டு. வென்றவன் தான் வீழ்த்தியவனோடு மீண்டும் பொரவேண்டியதில்லை. ஆனால் அடுத்து வருபவனுக்கு ஈடுகொடுத்தே ஆகவேண்டும்.

இவ்விதிகளுள் காலத்தைப் பற்றி ஒரு சொல்லேனும் இல்லை என்பதை நேயர்கள் கருதிப் பார்த்தல் வேண்டும். யார் வல்லவர் என்பதைத் தீர்க்க மூன்று முறை பொருதல் வேண்டும் என்று மட்டுமே கரூ கூறுகின்றார். அதாவது, அவர்கள் போரை அளந்தது மணிக்கூட்டினால் அன்று, பிடிகளின் எண்ணிக்கையினால். ஞாயிற்றைப் பார்த்து வேலைக்குச் சென்று ஞாயிற்றைப் பார்த்து வீடு திரும்பிய உழவர்க்கு நிமிடக் கணக்கு எதற்கு? ஒரு பிடி விரைவில் முடியலாம், நெடுநேரம் நீளலாம். முடியும்போது முடியும்.

கரூ எழுதி ஒரு நூற்றாண்டு கழிந்தபின் இக்கலைக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு காதலர் கிடைத்தார். நடு இங்கிலாந்தில் நொற்றிங்கம் மாவட்டத்துப் பன்னி என்னும் ஊரின் தலைவரான சேர் தொமஸ் பார்க்கின்ஸ் கேம்பிறிட்ஜில் கற்றவர், சட்டமும் பயின்றவர். அவர் 1713ஆம் ஆண்டில் கோர்ன்வால் முறை மற்போரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தம் ஊரிலே ஆண்டுதோறும் போட்டி நடத்தி, வெற்றி பெற்றவனுக்குப் பொற்சரிகை இட்ட தொப்பியொன்றைப் பரிசளித்தார். 1712இல் தொடங்கிய அப்போட்டி அவர் 1741இல் இறந்த பின்னரும் நின்றுவிடாது 1810 வரை நடந்தது. தம் கல்லறைக்கென அவர் உயிரோடிருக்கும்போதே செய்வித்த சிலை இன்றும் பன்னி ஊர்த் தேவாலயத்தில் இருக்கின்றது. மண்டியிட்டுத் தொழும் கோலத்திலன்று, மற்போருக்கு ஆயத்தமாய் நிற்கும் கோலத்தில். சட்டம் பயின்ற ஒருவர் மற்போரில் ஈடுபட்டது வியப்பன்று என்பது என் கருத்து. இரண்டிலும் எதிராளியின் சமநிலை குலையும் கணத்தைக் காத்திருந்து பிடித்தலே வெற்றி.

இனி, மத்தியஸ்தரைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். கோர்ன்வால் மற்போரில் அவர்களுக்கு ஸ்டிக்ளர் என்று பெயர். சட்டத்தின் ஒவ்வோர் எழுத்தையும் விடாப்பிடியாய்ப் பிடித்து நிற்பவரை ஆங்கிலத்தில் இன்று இச்சொல்லாலேயே குறிப்பர். கந்தோர்களில் விடுமுறைக் கடிதத்திற் காற்புள்ளி தவறினாலும் திருப்பி அனுப்பும் மேலதிகாரி ஒருவரை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். அவர் ஒரு ஸ்டிக்ளர். பழைய ஆங்கிலத்தில் அச்சொல் மற்போரிலும் பிற போட்டிகளிலும் ஒழுங்கை நிலைநாட்டும் மத்தியஸ்தரையே குறித்தது. அவர்கள் கையிலே தடி ஏந்தி நிற்பதால் தடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததென்று எண்ணத் தோன்றும். சொல்லாராய்ச்சியாளர் அதனை ஏற்கவில்லை. ஒழுங்குபடுத்துதல் என்று பொருள்படும் பழைய வினைச்சொல் ஒன்றே அதற்கு மூலம் என்பர். தடியோ பெயரோ, எதுவாயினும், அம்மனிதரின் கண்ணிலேயே மல்லர் இருவரின் மானமும் தங்கியிருந்தது.

அக்கண்கள் ஒத்துப்போகாவிடின் யாது நிகழும் என்பதை உலகம் 1826ஆம் ஆண்டில் கண்டது. டெவன் மாவட்டத்தாரும் மற்போரில் வல்லவர். ஆயின் அவர்கள் முறை வேறு. காலிலே தடித்த காலணி அணிந்து எதிராளியின் முழந்தாளின் கீழ் உதைத்து நிலைகுலைப்பது டெவன் வழக்கம். அணைத்துத் தூக்கி எறிவது கோர்ன்வால் வழக்கம். இரண்டினுள் எது மேலானது என்னும் வாதம் சாராயக் கடைகளில் நெடுங்காலம் நடந்து வந்தது. அதனைத் தீர்ப்பதற்காக 1826ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் நாள், இரு மாவட்டங்களின் எல்லையிலே, பிளிமத் நகரையடுத்த டேமர் கிறீன் என்னும் திடலில் இருவர் எதிர்நின்றனர். கோர்ன்வால் பக்கத்தில் ஜேம்ஸ் பொல்கிங்ஹோர்ண். சென் கொலம் என்னும் ஊரிலே விடுதி நடத்தியவர். டெவன் பக்கத்தில் ஏபிரகாம் கான். முன்னவரின் நிறை 320 இறாத்தல். பின்னவரின் நிறை 175 இறாத்தல் மட்டுமே. பக்கத்துக்கு 200 பவுண் பந்தயம். பல்லாயிரவர் திரண்டனர், அத்தொகையைப் பதினேழாயிரம் என்று கணித்தோரும் உளர்.

போட்டியின் நிபந்தனை, முதுகு படிய வீழ்த்தும் மூன்று வீழ்ச்சிகளில் இரண்டைப் பெற்றவர் வென்றவர் என்பது. காலவரையறை எதுவும் இல்லை. ஒருவர் இரு முறை விழும் வரை மற்றவர் பொருதுகொண்டே இருக்கலாம். ஆனால் விழுந்தது முழு வீழ்ச்சியா என்பதைத் தீர்க்க வேண்டியவர் மத்தியஸ்தரன்றோ? அவர்களிடையே பிணக்கு எழுந்தது. ஒரு பக்கத்தார் வீழ்ச்சி என்றதை மற்றப் பக்கத்தார் மறுத்தனர். முடிவிலே பொல்கிங்ஹோர்ண் அரங்கை விட்டு நீங்கினார். நெடிய வாக்குவாதத்தின்பின் போட்டி சமநிலையில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அன்றைய விவரணங்கள் ஒன்றோடொன்று இணங்கா. கோர்ன்வாலில் எழுதப்பட்டதைப் படித்தால் பொல்கிங்ஹோர்ண் வென்றார். டெவனில் எழுதப்பட்டதைப் படித்தால் கான் வென்றார். பல்லாயிரம் சோடிக் கண்கள் பார்த்திருந்தும் அன்று நடந்தது எதுவென்று இன்றுவரை அறுதியிட்டுச் சொல்வாரில்லை.

இந்த நிகழ்ச்சியைப் பலர் இரு மாவட்டத்தாரின் பொறாமைக்கு எடுத்துக்காட்டாகவே கூறுவர். நான் அதனை விதியின் குறைபாட்டுக்கு எடுத்துக்காட்டாகக் காண்கின்றேன். முழு வீழ்ச்சி ஒன்றே கணக்கிற் கொள்ளப்படுமாயின், அரைகுறை வீழ்ச்சிகள் எத்தனை நிகழினும் அவை வீண். ஒருவர் பத்து முறை மற்றவரைச் சாய்த்திருக்கலாம். மற்றவர் ஒரு முறையும் சாய்க்காதிருக்கலாம். ஆயினும் இருவரும் சமமே. ஆகவே தீர்ப்பின் முழுப் பாரமும் ஒரே கணத்தின்மேல் விழுகின்றது. அந்தக் கணத்தில் மத்தியஸ்தர் கண் தவறினால், அல்லது தம் ஊரவன்மேல் வைத்த அன்பினால் மங்கினால், திருத்துதற்கு வேறு வழியில்லை.

காலவரையறை இல்லாமையால் வேறொரு கேடும் விளையும். வீழாதிருத்தலையே நோக்கமாகக் கொண்டு, எதிராளியின் சட்டையைப் பிடித்தபடி கைகளை விறைப்பாக நீட்டி ஒருவன் நிற்பானாயின், அவனை யார் என் செய்ய முடியும்? பரிசுப் பணத்துக்காகத் தோற்றுக் கொடுக்க முன்கூட்டியே உடன்பட்ட இருவர் பொருவதுபோல் நடிப்பதற்கும் முடிவில்லா நேரம் நல்ல திரையாயிற்று. தன் முதுகை விற்றல் என்று அதற்கு அங்கே பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இவ்வகை வஞ்சனை மற்போரின் நற்பெயரைப் பெரிதும் கெடுத்தது. அக்காலத்திற் கோர்ன்வாலிற் பரவிய மெதடிஸ்த சபையாரும், போட்டிகளோடு சேர்ந்து வந்த குடியையும் பந்தயத்தையும் கண்டித்தனர். 1866ஆம் ஆண்டில் செம்பின் விலை வீழ்ந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன, தொழிலாளர் ஆயிரக்கணக்கிற் கடல் கடந்தனர். கலிபோர்னியாவின் கிறாஸ் வலி, மிச்சிகனின் செம்புச் சுரங்கங்கள், தென் அவுஸ்திரேலியாவின் மூன்ரா, தென்னாபிரிக்கா என அவர்கள் சென்ற இடமெல்லாம் மற்போரும் சென்றது. பிறந்த மண்ணிலோ அது மெலிந்தது.

கால எல்லையின்மை எத்துணைக் கொடிதாகலாம் என்பதற்குச் சிறந்த சான்று கோர்ன்வாலில் இல்லை. வேறொரு முறை மற்போரில், சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோமில் நடந்த 1912ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டில் உள்ளது. கிரேக்க உரோம முறையில் நடுநிறையினர்க்கான அரையிறுதிப் போட்டியிலே, எஸ்தோனியாவிற் பிறந்து உருசியப் பேரரசின் சார்பில் வந்த மார்ட்டின் கிளைன் என்பவரும் பின்லாந்தின் அல்பிறெட் அசிக்கைனன் என்பவரும் எதிர்த்தனர். வெயிலிலே, இடையிடையே சிறிது ஓய்வோடு, அவர்கள் பொருத நேரம் 11 மணித்தியாலம் 40 நிமிடம். கிளைன் வென்றார், ஆனால் இறுதிப் போட்டிக்கு வர அவர் உடலில் வலுவில்லை. அவரோடு பொராமலே சுவீடன் நாட்டு வீரர் கிளாஸ் யொஹான்சன் பொற்பதக்கம் பெற்றார். வேறொரு நிறைப் பிரிவின் இறுதிப் போட்டியில் சுவீடன் நாட்டு அல்கிறென் என்பவரும் பின்லாந்து நாட்டுப் பேலிங் என்பவரும் ஒன்பது மணித்தியாலம் பொருது ஒருவரையொருவர் வெல்லாமையால், போட்டி நிறுத்தப்பட்டு இருவர்க்கும் வெள்ளிப் பதக்கமே கொடுக்கப்பட்டது. பொன் எவர்க்கும் இல்லை. வென்றவன் தன் வெற்றியாலேயே தோற்கும் விதி ஒரு விதியாகுமா?

கோர்ன்வால் மற்போர் இந்த அளவுக்குச் செல்லாமைக்கு ஒரு காரணம் உண்டு. கிரேக்க உரோம முறையிலே வீழ்ந்தபின்னும் தரையிற் புரண்டு பொருவர். கோர்ன்வால் முறையிலே தரைப்போர் இல்லை. பாதங்களன்றி உடம்பின் வேறெப்பகுதி நிலத்திற் பட்டாலும், கையாயினும் முழங்காலாயினும், அப்பிடி அவ்வளவில் முடிந்தது. இருவரும் எழுந்து மீண்டும் தொடங்கல் வேண்டும். ஆகவே நீண்ட போட்டியும் குறும்பிடிகள் பலவற்றின் தொடராகவே இருந்தது. எனினும், தொடர் எப்போது முடியும் என்னும் வினா நின்றது.

1923ஆம் ஆண்டில் கோர்ன்வால் மற்போர்ச் சங்கம் அமைக்கப்பட்டது. ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்குதல் அதன் முதற்பணியாயிற்று. இன்று அச்சங்கத்தின் வழியில் நடக்கும் போட்டி ஒன்றை நேரிற் காண்பதாக நேயர்கள் எண்ணிக்கொள்ளுங்கள்.

திறந்த புல்வெளியில் வட்டமாக அரங்கு. மல்லர் இருவரும் முரட்டுக் கித்தானால் தைத்த, தொளதொளத்த, குறுங்கைச் சட்டை அணிந்துள்ளனர். முன்புறத்தைக் கயிற்றினாற் கட்டியிருக்கின்றனர். அச்சட்டை உடலை மறைத்தற்கன்று, எதிராளி பிடிப்பதற்கு. பிடிகளெல்லாம் அதன்மேலேயே அமைதல் வேண்டும். காலைக் கையாற் பிடித்தல் கூடாது. காற்சட்டையைப் பற்றுதலும் கூடாது. கரூ கூறிய கச்சை விதி நானூறு ஆண்டு கழிந்தும் உருமாறி நிற்பதை இங்கே காண்கின்றோம். காலிலே காலணி இல்லை. பாதத்தால் எதிராளியின் காலைத் தட்டலாம், கொளுவலாம்; டெவன்காரர்போல் உதைத்துப் புண்படுத்தலாகாது. பொல்கிங்ஹோர்ணுக்கும் கானுக்கும் இடையே தீராத வழக்கு இவ்வாறு தீர்ந்தது: கோர்ன்வால் முறை நின்றது, டெவன் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டோடு ஏறக்குறைய மறைந்தது.

அரங்கிலே தடியேந்திய மத்தியஸ்தர் மூவர் நிற்கின்றனர். மல்லனின் முதுகுப்புறத்தில் நான்கு இடங்களை விதி குறிக்கின்றது: தோள்கள் இரண்டு, இடுப்பின் பின்புறம் இரண்டு. இவற்றை ஆங்கிலத்திற் பின் என்பர். தமிழ்க் காதுக்கு அது உடம்பின் பின்புறத்தைக் குறிப்பதாகவே ஒலிக்கும், தற்செயலாயினும் பொருத்தமே. நாம் அவற்றை முனைகள் என்போம். நான்கு முனைகளும் ஒரே வேளையில், வேறெவ்வுறுப்பும் முந்திப் படாமல், நிலத்திற் படும்படி வீழ்த்தினால் அது முழு வீழ்ச்சி. மத்தியஸ்தர் தடியை உயர்த்துவர். மூவரில் இருவர் உயர்த்தினால் போதும். போட்டி அக்கணமே முடிந்தது. 1826ஆம் ஆண்டின் பிணக்குக்கு இதுவே மருந்து. இருவர் மத்தியஸ்தராயின் ஒருவர் ஆம் என்பார், மற்றவர் அன்று என்பார்; வழக்கு நின்றபடி நிற்கும். மூன்றாமவர் வந்தால் எப்போதும் ஒரு முடிவு பிறக்கும். இத்துணை எளிய ஏற்பாடு.

முழு வீழ்ச்சி வாய்க்காதபோது எத்தனை முனைகள் பட்டனவோ அத்தனை புள்ளிகள் வீழ்த்தியவருக்குச் சேர்கின்றன. ஒரு தோளும் ஒரு பக்க இடுப்பும் பட்டால் இரண்டு. மூன்று முனை பட்டால் மூன்று. முன்னாளில் வீணாய்ப் போன அரைகுறை வீழ்ச்சிகள் இவ்வாறு கணக்கில் ஏறின. கணக்கு ஏறியபின்பே கால எல்லைக்கும் பொருள் உண்டாயிற்று என்பதை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். புள்ளிகள் இல்லாத போட்டியிலே மணி அடித்து நிறுத்தினால் யாது பயன்? இருவரும் வீழாது நிற்பர். சமநிலை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். புள்ளிகள் இருந்தால், குறித்த நிமிடங்கள் கழிந்ததும் கூட்டிப் பார்த்து மிகுதியாகப் பெற்றவரை வென்றவர் எனலாம். அவையும் சமமாயின் மேலும் சிறிது நேரம் கொடுத்துப் பொரவிடலாம். இன்றைய முறை இதுவே.

இம்மாற்றத்தால் ஓர் இழப்பும் உண்டு; அதனை மறைத்தல் நேர்மையன்று. ஒரு புள்ளி முன்னின்றவன் கடைசி நிமிடங்களிலே தாக்குதலை விட்டுத் தன்னைக் காத்துக்கொள்வதிலேயே கருத்தாய் இருத்தல் கூடும். மணிக்கூட்டை ஒரு கண்ணாலும் எதிராளியை மறு கண்ணாலும் பார்த்துப் பொருபவன் பழைய மல்லனின் மனநிலையில் இல்லை. பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிகளில் நிறுத்தற் கடிகாரத்தோடு நின்ற ஆசிரியர் எவரும் இதனை அறிவர். ஆயினும் கோர்ன்வால் விதியை வகுத்தோர் இதற்கு ஒரு மாற்றை விட்டு வைத்தனர். முழு வீழ்ச்சி எந்த நிமிடத்தில் நிகழ்ந்தாலும் அதுவரை சேர்ந்த புள்ளிகள் அனைத்தையும் அது துடைத்துவிடும். பத்துப் புள்ளி பின்னின்றவன்கூட இறுதி விநாடியிலே எதிராளியை முதுகு படிய வீழ்த்தினால் அவனே வென்றான். ஆகவே முன்னிற்பவனும் அஞ்சியே நிற்கின்றான். மணிக்கூட்டுக்கு இடங்கொடுத்தும் அதனை அரசனாக்காத ஏற்பாடு இது. உதைபந்தாட்டத்தில் இத்தகைய இறுதி நேர மீட்சி இல்லை. ஐந்து கோல் பின்னின்ற குழு ஒரே கோலால் வெல்ல முடியாது.

1928ஆம் ஆண்டில் இவ்விதிகள் கடல் கடந்து உறவினரைச் சந்தித்தன. பிறிற்றனி மக்களும் கூறென் என்னும் பெயரால் இதனையொத்த மற்போரைப் பயின்று வந்தனர். அதுவும் அங்கே மெலிந்திருந்தது. கெம்பர்லே என்னும் ஊரின் வைத்தியர் சார்ள்ஸ் கொற்றொனெக் அதனை மீட்க முயன்று, கோர்ன்வால் மல்லரை அவ்வாண்டிலே தம் ஊருக்கு அழைத்தார். வந்தவர்களுள் பிரான்சிஸ் கிறெகரி என்பவர் பெயர் பெற்றவர். பிறெற்றன் மல்லரின் சட்டையோ மெல்லிய துணியால் ஆனது, உடலோடு ஒட்டியது. கோர்ன்வாலாருடையது தடித்தது, தொங்குவது. பிறெற்றன் விதியிலே தோட்பட்டைகள் இரண்டும் முதலில் நிலத்தைத் தொடுதலே முழு வீழ்ச்சி. இடுப்பைப் பற்றிய கேள்வி இல்லை. இரு சாராரும் பிரிந்து ஓராயிரம் ஆண்டுக்கு மேலாயிற்று. வீழ்ச்சி எது என்னும் பழைய வினாவை அவர்கள் மீண்டும் ஒரு முறை, இம்முறை இரு மொழிகளில், பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. தீர்த்தனர். கெல்ற்றிய நாட்டார்க்கிடையிலான போட்டி அன்று தொடங்கியது.

போட்டிகளின் தொடக்கத்திலே மல்லர் கோர்ன்வால் மொழியில் ஓர் உறுதிமொழி கூறுவர். தம் மானத்தின்மீதும் தம் நாட்டின் மானத்தின்மீதும் ஆணையிட்டு, வஞ்சனையும் முரட்டுத்தனமும் இன்றிப் பொருவோம் என்பதும், அதற்கு அடையாளமாக எதிராளிக்குக் கை நீட்டுகின்றோம் என்பதும் அதன் கருத்து. வீட்டில் அம்மொழியை ஒரு நாளும் பேசியறியாத இளைஞரும் அரங்கில் அதனை நாவிற் கொண்டு நிற்கின்றனர். கோடை காலத்து ஊர்த் திருவிழாக்களிலே இன்றும் இப்போட்டிகள் நடைபெறுகின்றன. சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் தனிப் பிரிவுகள் உண்டு. உறுதிமொழி முடிந்ததும் இருவரும் கைகுலுக்குகின்றனர். மத்தியஸ்தர் மூவரும் மூன்று பக்கமாக விலகி, தடியைத் தாழ்த்திப் பிடித்து, மல்லரின் தோளையும் இடுப்பையும் நோக்கியபடி நிற்கின்றனர். அரங்கின் ஓரத்தில் மேசையருகே அமர்ந்திருப்பவர் கடிகாரத்தை ஓடவிடுகின்றார்.